'அம்மா வேஷம் இருக்கு, அக்கா' என்று அழைத்தால்

நாற்பது தாண்டியதும் நடிகைக்கு வருகிற அழைப்பு அநேகமாக இதுதான். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் மேடையேறும் தங்கச்சிமாரே, உடனே சரி சொல்லாதீர்கள். கோபத்தில் மறுத்துவிடவும் வேண்டாம். முதலில் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பெயர் உண்டா? கொழுந்து எடுக்கிறாளா, பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிறாளா, தோட்டத்தில் பேர் வெட்டி, வேலையில்லாமல் லயத்து வீட்டில் இருக்கிறாளா? அவளே தீர்மானம் எடுக்கிற ஒரு காட்சியாவது உண்டா? மகன் செத்ததும் அழுவதுதான் முழு வேஷமும் என்றால், அந்த அழுகைக்கு முந்திய காட்சியொன்றைக் கேட்டு வாங்குங்கள். இளம் இயக்குநர்கள் பலர் வயதான பெண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்க வைப்பது நம் வேலை.

அதற்கு உங்களிடம் சரக்கு இருக்கிறது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. எழுபதுகளில் அவர்களை ஏற்றிக்கொண்டு ஒப்பாரிக் கோச்சி என்ற ரயில் புறப்பட்டபோது யார் யார் பிளாட்பாரத்தில் நின்றார்கள், என்ன சொல்லி அழுதார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சிறுமியாக நீங்களே பார்த்துமிருக்கலாம். பாட்டி வேஷத்துக்குள் அதைக் கொண்டுபோங்கள். இருபது வயதுப் பிள்ளையால் அதை மனப்பாடம் செய்யத்தான் முடியும்.

மேடை நாடகமென்றால் இளவயது வேஷத்தையும் தயங்காமல் கேளுங்கள். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் மீசை மழித்த ஆண் அவன் மனைவி ரதியாக வேஷம் கட்டி அழுதால் தோட்டமே சேர்ந்து அழுகிறது. அந்தச் சனத்துக்கு உங்கள் வயது தடையாக இருக்காது.

கமெராவுக்கு மேக்கப் வேறு. மலைக் குளிரில் தோல் வறண்டுபோகும், அதனால் முதலில் கிரீம் பூசி, அது ஊறும்வரை பொறுங்கள். ஃபவுண்டேஷன் மெல்லியதாக. பவுடர் மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் போதும். கண்ணுக்குக் கீழே போட்டால் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்து, இருக்கிற வயதைக் கூட்டிக் காட்டும். மேக்கப்காரர் அப்பிக்கொண்டே போனால் நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் முகம். நரையை மறைக்கக் கடைசி நாளில் கன்னங்கரேலென்று டை அடிக்காதீர்கள். படப்பிடிப்பு இழுபட்டால் வேரில் வெள்ளை தெரியும், காட்சிக்குக் காட்சி தலை மாறும்.

இயக்குநருக்கு அனுப்பும் படத்தை மூடுபனி இறங்குவதற்கு முன், ஜன்னலோரம் நின்று எடுங்கள். ஃபில்டர் வேண்டாம்.

மாதவிடாய் நின்றபின் குரல் சற்றுத் தாழும், தடிக்கும். அது நல்லதுதான், வானொலி நாடகத்துக்கும் டப்பிங்குக்கும் அந்தக் கனம் வேண்டும். காலையில் இளஞ்சுடுநீர் குடித்து, வாய்மூடி மெதுவாக முனகிக் குரலைச் சூடாக்கிய பிறகே வசனம் பேசுங்கள்.

அப்புறம் காசு. 'அம்மா வேஷம்தானே, ரெண்டு நாள்தான்' என்று குறைப்பார்கள். நாள் கணக்கு, கொழும்பு போய்வரும் செலவு, தங்குமிடம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிய பிறகு கோச்சி ஏறுங்கள்.