மாத்திரை வயிற்றோடு முடிவதில்லை

"அண்ணே, போன தடவை கொடுத்த அதே மூணு மாத்திரை கொடுங்க." சேலத்து மெடிக்கல்களில் இது அன்றாடப் பேச்சு. சளி பிடித்தால் நானும் கேட்டவன்தான். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. நடப்பது வேறு: குடலில் கிடக்கும் பாக்டீரியாவில் மருந்துக்கு அடங்குவது சாகும், அடங்காதது பெருகும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு மாட்டுக் கொட்டகையில் நடக்கிறது. மடிநோய் வந்தால், போன மாட்டுக்குப் போட்டு மிஞ்சிய மருந்தையே கண் அளவில் போட்டுவிடுகிறோம். அளவு குறைந்தால் கிருமிக்கு அது பயிற்சி. ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கால்நடை டாக்டர் சொல்வார். "காய்ச்சினால் சரியாகிவிடும்" என்பது தப்புக் கணக்கு. காய்ச்சினால் கிருமி சாகும், மருந்தின் மிச்சம் முழுதாகப் போகாது. சிலர் பாலை ஊற்றாமல் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கீழே கொட்ட மனசு வராது, கன்றுக்கு வைத்துவிடுவார்கள். அந்தக் கன்றின் குடலே மருந்துக்கு அடங்காத கிருமிக்கு நாற்றங்கால். அது போடும் சாணம் எருக்குழி வழியாக வயலுக்குப் போகிறது.

கோழிப்பண்ணைக் கதையும் இதேதான். ஐசியூவில் வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை நம் நாட்டில் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கிருமியை அதற்கு அடங்காமல் செய்யும் ஜீன் (மரபணு) ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. 2019இல் இந்தியா உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. விதைநெல்லைக் கைமாற்றுவதுபோல் கிருமிகள் ஜீனைக் கைமாற்றிக்கொள்ளும். அதில் சாதி பார்ப்பதில்லை. அதனால் கோழி எருவைப் பச்சையாக மரவள்ளிக் காட்டில் கொட்டாமல் நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊர்ச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு காவிரிக்குப் போகிறது. மிஞ்சிய மாத்திரையைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அந்த ஆற்றுக்கும் ஒரு பங்கு. மெடிக்கலில் திரும்ப வாங்கினால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏற்காட்டுக் காப்பிக் கசடோடு பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.