கட்டண வைஃபைக்கு யூபிஐ வசூல்: பணம் கட்டியவருக்குத் தொடர்பு தவறாமல் கிடைக்க

காசிமேட்டில் தேநீர்க் கடையிலோ, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையின் மாடிக் கடையிலோ, மணலியில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளிலோ கட்டண வைஃபை அமைப்பவருக்கு ரௌட்டரைப் பொருத்துவது எளிய வேலை. பத்து ரூபாயைச் செலுத்தியவருக்கு அடுத்த நொடியே இணையம் திறக்கும்படி வசூலையும் ரௌட்டரையும் இணைப்பதில்தான் கவனம் வேண்டும். நாட்கூலியிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தவருக்குத் தொடர்பு கிடைக்காமல் போனால், அவர் இழப்பது தொகையால் சிறிதென்றாலும் அவருக்கு அது சிறிதல்ல. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த ஓர் இணைப்பைப் பற்றியே மிகுதியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் சட்ட நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வாங்கிய பிராட்பேண்டைக் காசுக்குப் பிறருக்கு விற்க முடியாது. சிறு கடைக்காரருக்கு ஏற்ற நேர்வழி, மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபைத் திட்டம். அதில் கடைக்காரர் பிடிஓ எனப்படும் பொதுத் தரவு அலுவலகமாக இயங்கலாம். அதற்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லை. ஆனால் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு பெற்ற பிடிஓஏ (பல பிடிஓக்களை ஒருங்கிணைக்கும் நிறுவனம்) ஒன்றோடு சேர்ந்துதான் நடத்த வேண்டும். வாங்கும் இணைப்பின் விலைக்கும் வரம்பு உண்டு: 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் இணைப்புக்கு, அதே வேகத்துக்கு வீட்டு வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் பிடிஓவிடம் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் ஆணையிட்டது. உரிமம் பெற்ற இணைய நிறுவனத்தின் உள்ளூர் முகவராக இருப்பவர், விற்பதற்கான அனுமதியை அந்த நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

பிடிஓஏ வழியாகச் செல்பவருக்கு வசூல் அமைப்பு பெரும்பாலும் அவர்களுடைய செயலியிலேயே இருக்கும். அப்போது உங்கள் வேலை கேள்வி கேட்பதுதான். பங்குத் தொகை எத்தனை நாளுக்கு ஒருமுறை வங்கிக்கு வரும், பணம் போய்த் தொடர்பு கிடைக்காதவருக்குத் திருப்பித் தருவது யார், கடையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு நீங்களே வவுச்சர் (தொடர்பைத் திறக்கும் குறியீட்டுச் சீட்டு) வழங்க முடியுமா என்ற மூன்றுக்கும் பதில் பெறாமல் கையெழுத்திட வேண்டாம். சொந்தமாக வசூல் அமைப்பவருக்கே இனிவரும் பகுதிகள்.

வாடிக்கையாளரின் பணத்தை இணையவழி வாங்கி உங்கள் வங்கிக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் கணக்கு தொடங்கப் பான் அட்டை, நடப்புக் கணக்கு விவரம், கடை முகவரிச் சான்று ஆகியவை தேவைப்படும். சிறு தொழில்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவு பெரும்பாலும் துணை செய்யும். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்ற நிறுவனங்கள் உங்கள் இணையப் பக்கத்தையும் பார்வையிடும் என்பதால், திட்டங்களின் விலை, பயன்பாட்டு விதிகள், பணம் திருப்பித் தரும் முறை, தொடர்பு முகவரி ஆகியவை முன்கூட்டியே அதில் இருக்க வேண்டும். யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் வாங்கும் எம்டிஆர் கட்டணம் 2020 ஜனவரி முதல் கிடையாது. எனினும் கேட்வே நிறுவனங்கள் தங்கள் சேவைக்குத் தனியாகக் கட்டணம் வாங்கக்கூடும். அது சதவீதமா, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிலையான தொகையா என்று பாருங்கள். பத்து ரூபாய் விற்பனையில் இரண்டு ரூபாய் நிலையான கட்டணமாகப் போனால் தொழில் தாங்காது.

தனிப்பட்ட யூபிஐ முகவரியில் பணம் வாங்கி, வங்கிக் குறுஞ்செய்தியைப் படிக்கும் செயலி ஒன்றால் வைஃபையைத் திறக்கும் வழியைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அதை நாட வேண்டாம். குறுஞ்செய்தி தாமதமாகும், பணம் கட்டியவர் எவரென்று அதில் சரியாகத் தெரியாது, உங்கள் வங்கிச் செய்திகள் அனைத்தையும் யாரோ எழுதிய செயலி படித்துக்கொண்டிருக்கும்.

இனி மையமான சிக்கலுக்கு வருவோம். இணையம் வேண்டித்தான் ஒருவர் பணம் கட்டுகிறார். பணம் கட்டுவதற்கே இணையம் வேண்டும். லாகின் பக்கம் மட்டும் திறந்து மற்றவை அடைபட்டிருக்கும் நிலையில் கேட்வேயின் பக்கங்கள் திறக்க வேண்டுமானால், அவற்றின் முகவரிகளை ரௌட்டரில் விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். மைக்ரோடிக் ரௌட்டரில் இந்த வசதிக்கு வால்டு கார்டன் என்று பெயர். இது கார்டுக்கும் நெட் பேங்கிங்குக்கும் ஓரளவு போதும், யூபிஐக்குப் போதாது. வாடிக்கையாளரின் யூபிஐ செயலி தன் சொந்த சர்வர்களோடு பேச வேண்டும். அந்த முகவரிகள் பலவாக இருப்பதோடு அவ்வப்போது மாறவும் செய்யும். அவற்றைத் துரத்திப் பட்டியலிடுவது முடிவில்லாத வேலை.

நடைமுறையில் நிற்கும் தீர்வு, பணம் செலுத்துவதற்கென்று பத்து நிமிட இலவசத் தொடர்பு தருவது. வாடிக்கையாளர் தம் எண்ணைப் பதிந்து, ஓடிபி கொடுத்து, திட்டத்தைத் தேர்ந்த பிறகு, உங்கள் ரேடியஸ் சர்வர் (யாருக்கு எவ்வளவு நேரம் தொடர்பு என்று ரௌட்டருக்குச் சொல்லும் கணினி) அவருக்கு 600 நொடி செஷன் டைம்அவுட்டுடன் (தொடர்பு தானாக முடியும் நேர வரம்பு) குறைந்த வேகத் தொடர்பை அனுமதிக்கட்டும். இதை மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் வைஃபை அடையாள எண்) வைத்துக் கணக்கிடாமல் செல்பேசி எண்ணை வைத்தே கணக்கிடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் செல்பேசிகள் போலி மேக் முகவரியைக் காட்டுவதால், மேக் அடிப்படையிலான வரம்பு ஏமாற்றப்படும், பணம் கட்டியவரையும் சில சமயம் அடையாளம் இழக்கச் செய்யும். ஓர் எண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை என்று வரம்பு வைத்தால் இலவசத்திலேயே காலம் தள்ளுபவர் குறைவர். பணம் வந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் செஷனையே முழு வேகத்துக்கு உயர்த்த 3799 போர்ட் வழியாகச் செல்லும் சிஓஏ கட்டளையைப் பயன்படுத்தலாம்; அவர் மறுபடி லாகின் செய்யத் தேவையிராது.

வைஃபையில் சேர்ந்தவுடன் தானாகத் தோன்றும் சிறிய லாகின் சாளரத்திலிருந்து யூபிஐ செயலிகள் பல நேரங்களில் திறப்பதில்லை. எனவே இலவச நிமிடங்கள் தொடங்கியதும், பக்கத்தை முழு பிரவுசரில் திறக்கச் சொல்லும் தெளிவான பொத்தான் இருக்க வேண்டும். கியூஆர் கோட்டைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது. தன் திரையில் இருப்பதைத் தன் கேமராவால் எவரும் ஸ்கேன் செய்ய முடியாது. தமிழோடு இந்தியிலும் பக்கத்தை அமையுங்கள். வடசென்னையில் அதைப் படிப்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களாக இருப்பார்கள்.

பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளரின் பிரவுசர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் பணம் கட்டிய மறுகணம் பிரவுசரை மூடியிருக்கலாம். வேறொருவர் வெற்றிப் பக்கத்தின் முகவரியை நேராகத் தட்டியிருக்கலாம். கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் அறிவிப்பே ஆதாரம். அதிலுள்ள மின் கையொப்பத்தை, உங்களுக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிந்த ரகசியக் குறியீட்டால் சரிபார்த்த பிறகே திட்டத்தைத் திறக்க வேண்டும். தொகையையும் சர்வரிலுள்ள விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். ரேசர்பேயில் தொகை பைசாவில் வரும் என்பதால் பத்து ரூபாய் என்பது 1000 என்று இருக்கும். ஒரே அறிவிப்பு இருமுறை வரக்கூடும். ஓர் ஆர்டர் எண்ணுக்கு ஒருமுறை மட்டுமே திட்டம் திறக்கும்படி எழுதுங்கள். அறிவிப்பு வராமலும் போகக்கூடும். முடிவு தெரியாத ஆர்டர்களின் நிலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரே கேட்வேயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ரகசியக் குறியீடு ரௌட்டரில் இருக்கும் லாகின் பக்கத்தில் ஒருபோதும் இடம்பெறக் கூடாது.

இந்தச் சர்வரைக் கடையில் வைக்காமல் வாடகை கிளவுடில் வைப்பதே சரி. கடையின் இணைப்பு சிஜிநாட்டுக்கு (பல இணைப்புகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருந்தால் வெளியிலிருந்து அறிவிப்பு வந்து சேராது. மின்சாரம் போன நேரத்தில் பணம் கட்டியவரின் தகவலும் தொலையும். சர்வருக்கும் ரௌட்டருக்கும் இடையே வயர்கார்டு போன்ற பாதுகாப்பான சுரங்க இணைப்பு இருக்கட்டும்.

திட்டத்தின் காலம் பணம் கட்டிய நேரத்திலிருந்து ஓடக் கூடாது. முதல் பயன்பாட்டிலிருந்து ஓட வேண்டும். காசிமேட்டில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும்: விசைப்படகில் செல்பவர் ஒருநாள் திட்டம் வாங்கிச் சிறிது நேரம் பயன்படுத்திவிட்டுக் கடலுக்குப் போனால், மீதி நேரம் வீணாகும். அவருக்கு மணிக்கணக்கில் விற்று, பல வாரம் செல்லுபடியாகும்படி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு குறைவாக இருக்கும்; மாதத் திட்டத்தை மட்டும் நம்பியிருக்காமல் ஐந்து, பத்து ரூபாய்த் திட்டங்களைக் கைவிடாமல் இருப்பது இரு தரப்புக்கும் நன்று.

வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய், வணிகருக்கு உறுதி வராத யூபிஐ பரிவர்த்தனையில், ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. இதை எளிய தமிழில் எழுதி, கடைச் சுவரிலும் பக்கத்திலும் போடுங்கள். சுவரில் அச்சிட்ட கியூஆர் கோடு இருந்தால், அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தினமும் கடை திறக்கும்போது பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி வவுச்சர் கேட்டால், பணம் உங்கள் கணக்கில் தெரிந்த பின்னரே கொடுங்கள்.

திறப்பதற்கு முன், ஒரு ரூபாய்த் திட்டம் ஒன்றை வைத்து உண்மைப் பணத்தோடு சோதியுங்கள். பழைய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டும், பணம் கட்டும் நடுவில் பிரவுசரை மூடியும், பின் எண் போட்டவுடன் செல்பேசியை நிறுத்தியும் பாருங்கள். தொழில் தொடங்கிய பின், கேட்வேயின் அன்றாட வசூல் பட்டியலையும் திட்டம் திறக்கப்பட்டோர் பட்டியலையும் ஒவ்வொரு இரவும் ஒப்பிடுங்கள். பணம் வந்தும் திட்டம் திறக்காத எண் ஒன்று இருந்தாலும், அவர் புகார் சொல்லி வரும்வரை காத்திராமல் அன்றிரவே திட்டத்தைத் திறந்துவிட்டோ பணத்தைத் திருப்பிவிட்டோ அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.