உம்முடைய துருத்தியில் என் கண்ணீர்: தன்னைத் தாழ்வாக எண்ணும் சகோதரிக்கு ஒரு வழிகாட்டி

குடியாத்தத்திலும் வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவை கணக்கில் சேர்வதில்லை. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை எண்ணிக்கையால்தான் அளக்கப்படுகிறது. இப்படி ஆண்டுக்கணக்காக எண்ணிக்கைக்குள் வாழ்கிறவள், வீட்டுக்கு வந்த பிறகும் "இன்றைக்கு என்ன கொண்டுவந்தாய்?" என்ற கேள்வியையே எதிர்கொண்டால், நாளடைவில் தன்னையும் ஒதுக்கித் தள்ளப்பட்ட பீடியாகவே எண்ணத் தொடங்கிவிடுகிறாள். அந்த நிலையில் இருக்கும் சகோதரிக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, உங்களைப் பற்றி உங்கள் மனதில் ஓயாமல் ஒலிக்கும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "நான் ராசியில்லாதவள்", "பிள்ளை இல்லாதவள்", "யாருக்கும் பாரம்" என்று எதுவானாலும் சரி. அதன் அருகில், அதை முதன்முதலில் சொன்னவர் யார் என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் அது மாமியாரோ, கணவரோ, வட்டிக்குக் கொடுத்தவரோ சொன்னதாக இருக்கும். கர்த்தர் சொன்னதாக இராது. இதை அவசரமாகச் செய்யாதீர்கள். மனிதர் சொன்னதை தேவனுடைய தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான் பல காயங்களின் வேர் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், 18 வருடம் நிமிர முடியாமல் கூனியாயிருந்த பெண்ணைப் பற்றிய பகுதியை, வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். அவள் எதையும் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. இயேசுவே அவளைக் கண்டு, தம்மிடம் அழைத்தார். ஓய்வுநாளில் குணமாக்கியதற்காக ஜெப ஆலயத் தலைவன் கோபப்பட்டபோது, சபையார் அனைவரும் கேட்க அவளை ஆபிரகாமின் குமாரத்தி என்றார். கூனி என்றே அறியப்பட்டவளுக்கு அன்று கிடைத்த அந்தப் பெயரை, நீங்கள் எழுதிய வாக்கியத்தின் கீழே எழுதிவையுங்கள்.

ஜெபிக்கும்போது அழகான வார்த்தைகளைத் தேடவேண்டாம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதமே முறையிடுகிறது, அந்த முறையீட்டை வேதம் நீக்கிவிடவில்லை. 56-ஆம் சங்கீதத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்; அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்கிறார் தாவீது. துருத்தி என்பது தோலால் ஆன பை. தோலோடு புழங்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அதன் உறுதியை விளக்கவேண்டியதில்லை. கூலிக் கணக்கில் வராத உங்கள் இரவுகள் அந்தக் கணக்கில் இருக்கின்றன என்று சொல்லி, கடன் தொகையையும் வலியையும் பெயர் சொல்லியே தேவன் முன் வையுங்கள்.

பிறகு ஒரே ஒருவரிடமாவது பேசுங்கள். ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் ரகசியம் காக்கிற மூத்த சகோதரி ஒருவரோ, போதகரின் துணைவியாரோ போதும். முதலில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் பின்வாங்காதீர்கள். வேதத்தில், பிள்ளையில்லாமல் மனங்கசந்து ஜெபித்த அன்னாள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்தபோது, அவள் தன் மனக்கிலேசத்தை அவருக்கு விளக்கிச் சொன்னாள், அதன்பிறகே அவருடைய ஆசீர்வாதத்தைப் பெற்றாள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அடிவாங்குவதைச் சிலுவை சுமப்பது என்று யாராவது உங்களுக்குப் போதித்தால், அதை ஏற்காதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். தூக்கமும் பசியும் போய், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், அன்றே வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலும் பேசலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அங்கே போவது விசுவாசக் குறைவு அல்ல.

அதே பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாயிருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இழந்த கால்களை மறக்கச் சொல்லி அவரைக் காட்டவில்லை. உங்களிடம் மீதியிருக்கிற ஒன்றை இந்த வாரம் கண்டுபிடிக்கவே சொல்கிறேன். தையலோ, பாட்டோ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுமையோ, அதை நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்தைக் காலியாக விட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த மூத்த சகோதரியிடம் கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள்.