ராஸ்பெர்ரி பை சீரோ 2 டபிள்யூ: திரையும் விசைப்பலகையும் இல்லாமல் முதல் விளக்கை எரியவைப்பது எப்படி?

ராஸ்பெர்ரி பை சீரோ 2 டபிள்யூ, 65 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பலகையில் அடங்கிய முழுமையான லினக்ஸ் கணினி. 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வெளிவந்த இதில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் நான்கு கருக்கள் கொண்ட செயலியும், 512 மெகாபைட் நினைவகமும், வைஃபையும், புளூடூத்தும் இருக்கின்றன. ஆர்டுயினோ ஊனோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் நீங்கள் எழுதிய ஒரே நிரல்தான் ஓடும். அதை எப்போது வேண்டுமானாலும் மின்சாரத்திலிருந்து பிடுங்கலாம். இதிலோ உங்கள் நிரலுக்கு அடியில் ஓர் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பல இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகின்றன.

தேவையான பொருட்கள்

பலகையுடன், 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட மைக்ரோ எஸ்டி அட்டை, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் தரும் மைக்ரோ யுஎஸ்பி மின்வழங்கி, பாகங்களைச் செருகி இணைக்க உதவும் பிரெட்போர்டு, சில ஜம்பர் ஒயர்கள், ஒரு சிவப்பு எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர், ஓர் அழுத்துபொத்தான் ஆகியவை போதும். சாதாரண சீரோ 2 டபிள்யூ பலகையில் நாற்பது துளைகள் மட்டுமே இருக்கும். உலோக முனைகளை நீங்களே சால்டர் செய்ய, அதாவது உலோகத்தை உருக்கிப் பற்றவைக்க, வேண்டும். சால்டர் செய்து பழக்கமில்லாதவர்கள், முனைகள் முன்பே பொருத்தப்பட்டு வரும் வகையைக் கேட்டு வாங்குவதே நல்லது. கற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்றாலும், முதல் பாடத்தை இந்தப் பலகையில் நடத்த வேண்டியதில்லை.

படி 1: அட்டையில் இயங்குதளத்தை எழுதுதல்

உங்கள் கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் செயலியை நிறுவி, சாதனம், இயங்குதளம், அட்டை என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். இயங்குதளமாக ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட் பதிப்பையே பரிந்துரைக்கிறேன். 512 மெகாபைட் நினைவகத்தில் வரைகலைத் திரையை ஓட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எழுதத் தொடங்குமுன் அமைப்புகளைத் திருத்தும் பகுதியில் பலகைக்கு ஒரு பெயர், பயனர்பெயர், கடவுச்சொல், வைஃபை விவரங்கள், நீங்கள் இருக்கும் நாடு ஆகியவற்றைக் கொடுத்து, வேறொரு கணினியிலிருந்து பிணையம் வழியாகப் பலகைக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வசதியையும் இயக்கிவிடுங்கள். பழைய பாடங்கள் கூறும் 'பை' என்ற இயல்பான பயனர் கணக்கு 2022 முதல் கிடையாது. ஆகவே பயனர்பெயரை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பலகையின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் 2.4க்கு உரியதையே கொடுங்கள்.

படி 2: உள்ளே நுழைதல்

அட்டையைச் செருகி, இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகளில் பலகையின் மூலையை ஒட்டியுள்ள துளையில் மின்வழங்கியை இணையுங்கள். முதல் முறை சில நிமிடங்கள் ஆகும். பிறகு உங்கள் கணினியின் டெர்மினலில் 'எஸ்எஸ்எச்' கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பயனர்பெயர், 'அட்' குறி, பலகையின் பெயர், புள்ளி, 'லோக்கல்' என்று தொடர்ச்சியாக எழுதுங்கள். முதல் இணைப்பின்போது வரும் கேள்விக்கு 'yes' என்ற ஆங்கிலச் சொல்லை முழுவதுமாகத் தட்ட வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது பழுதன்று.

படி 3: கம்பி இணைப்பு

இயங்குதளத்தை முறையாக அணைக்கும் 'சுடோ பவர்ஆஃப்' கட்டளையைக் கொடுத்து, பச்சை விளக்கின் மினுக்கல் நின்றதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணைப்பைத் தொடங்குங்கள். ஜிபிஐஓ முனைகள், அதாவது நிரலால் இயக்கவும் படிக்கவும் கூடிய முனைகள், தாங்குவது 3.3 வோல்ட் மட்டுமே. அதே வரிசையில் 5 வோல்ட் முனைகளும் இருப்பதால், அவற்றை ஒரு ஜிபிஐஓ முனையோடு தவறுதலாக இணைத்தால் செயலியே பாழாகலாம்; பாதுகாப்புக்கு இடையில் எதுவும் இல்லை.

எண்களில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முனைவரிசையில் எத்தனையாவது என்று எண்ணும் இட எண் ஒன்று. செயலி அந்த முனைக்கு வைத்திருக்கும் ஜிபிஐஓ எண் மற்றொன்று. ஜிபிஐஓ 17 இருப்பது 11ஆவது இடத்தில். எஸ்டி அட்டை இடப்புறமும் முனைவரிசை மேற்புறமும் இருக்குமாறு பலகையை வைத்தால், உள்வரிசையின் இடக்கோடியில் இருப்பது 1ஆவது முனை; அதே வரிசையில் 3, 5 என ஒற்றைப்படையாக எண்கள் போகும். ஐந்தாவதாக வரும் 9, மின்சாரம் திரும்பிச் செல்லும் தரைமுனை. அதற்கு அடுத்ததே 11.

11ஆவது முனையிலிருந்து ரெசிஸ்டருக்கும், அங்கிருந்து எல்இடியின் நீளமான காலுக்கும், குட்டையான காலிலிருந்து 9ஆவது முனைக்கும் ஒயர் கொடுங்கள். சிவப்பு எல்இடி ஏறத்தாழ 1.8 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் மீதி 1.5 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். அதை 330 ஓமால் வகுத்தால் சுமார் 4.5 மில்லிஆம்பியர் வரும். ஒரு முனையிலிருந்து 16 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் இது பாதுகாப்பான அளவு.

படி 4: நிரல்

மீண்டும் மின்சாரம் கொடுத்து உள்ளே நுழைந்து, முனைகளைப் பைதான் மொழியில் இயக்க உதவும் 'ஜிபிஐஓ சீரோ' நூலகம் இல்லையென்றால் அதை இயங்குதளத்தின் நிறுவல் கருவியான 'ஆப்ட்' மூலம் நிறுவுங்கள். பைதானின் நிறுவல் கருவியான 'பிப்' கொண்டு நிறுவ முயன்றால், 2023இல் வந்த புக்வர்ம் பதிப்பு முதல் இயங்குதளமே தடுத்துவிடும். பைதான் 3ஐத் திறந்து, அந்த நூலகத்திலிருந்து 'எல்இடி' வகுப்பை இறக்குமதி செய்து, 17 என்ற எண்ணுடன் ஒரு மாறியை உருவாக்கி, அதன் 'பிளிங்க்' செயலை அழையுங்கள். விளக்கு ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையும். விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால், ஒயரை 17ஆவது இடத்தில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது எப்போதும் 3.3 வோல்ட் தரும் முனை.

இதே வரிகளைக் கோப்பில் எழுதி ஓட்டினால் விளக்கு உடனே அணைந்துவிடும். நிரல் முடிந்ததும் நூலகம் முனைகளை விடுவித்துவிடுவதே காரணம். 'சிக்னல்' தொகுதியிலுள்ள 'பாஸ்' செயலைக் கடைசி வரியில் அழைத்தால் நிரல் காத்திருக்கும்.

பொத்தானைச் சேர்ப்பது எளிது. அதன் ஒரு காலை 13ஆவது முனையிலும், அதாவது ஜிபிஐஓ 27இலும், மூலைவிட்டமாக எதிரே உள்ள காலை 14ஆவது முனையான தரையிலும் இணையுங்கள். உள்ளிருக்கும் மின்தடையை நூலகமே இயக்கிக்கொள்வதால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். நிரலில் 'பட்டன்' வகுப்பின் 'வென் பிரெஸ்ட்' பண்புக்கு, எல்இடியின் 'டாகிள்' செயலை அடைப்புக்குறி இல்லாமல் கொடுங்கள். அடைப்புக்குறி போட்டால் அந்த வரியைப் படிக்கும்போதே செயல் நடந்து முடிந்துவிடும். அதன் பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு மாறாது.