குலாம் இஷாக் கான் பத்தி பேசும்போது வழக்கமா நடக்குற தப்புகள்

பாகிஸ்தான் அரசியல் பேசுறப்போ குலாம் இஷாக் கான் பேரு வந்தா, "ராணுவ அதிபர் ஜியா செத்ததும் பிரெசிடென்ட் ஆனவர், ரெண்டு பிரதமரை தூக்கினவர்"னு ஒரே வரில முடிச்சுடுறாங்க. பொய் இல்ல, ஆனா நாற்காலில உக்காரும்போது அவருக்கு வயசு 73, அதுக்கு முன்னாடி நாப்பது வருஷத்துக்கு மேல அரசாங்கத்துக்குள்ளயே இருந்தவர். அதை விட்டுட்டா ஆளே புரியாது.

முதல்ல பேர்க் குழப்பம். குலாம் முகம்மது வேற, இவர் வேற. அவரும் அதிகாரியா இருந்து நிதி அமைச்சர் ஆகி நாட்டுத் தலைவர் ஆனவர், 1953-ல பிரதமர் நஜிமுத்தீனை டிஸ்மிஸ் பண்ணவர், அதனால ரெண்டு பேரையும் கலந்துடுறாங்க. அவர் 1956-லயே இறந்துட்டார்.

"ஐசிஎஸ் ஆபீசர்"னு (பிரிட்டிஷ் காலத்து இந்திய சிவில் சர்வீஸ்) எழுதுறது அடுத்த தப்பு. இவர் சேர்ந்தது எல்லைப்புற மாகாணத்தோட சர்வீஸ்ல, அதாவது கீழ இருந்து ஏறி வந்தவர். சில இடத்துல பெஷாவர் யுனிவர்சிட்டி டிகிரின்னும் போட்டிருக்கும், அந்த யுனிவர்சிட்டி ஆரம்பிச்சதே 1950-ல, இவர் அதுக்கு சுமார் பத்து வருஷம் முன்னாடியே வேலைல சேர்ந்தாச்சு, ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும்.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, அவரை ஜியாவோட ஆள்னு மட்டும் பாக்குறது. 1961-ல வாப்டா (தண்ணி, மின்சாரத்துக்கான அரசு அமைப்பு) சேர்மன் ஆக்கினது அயூப் கான் ஆட்சி, சிந்து நதி ஒப்பந்தம் போட்ட மறு வருஷம், மங்களா அணை கட்டின காலம் அது (அணை திறந்தது 1967-ல, அதுக்கு முன்னாடியே இவர் நிதித்துறை செயலாளரா போயிட்டார், அதனால திறப்பு விழாவை இவர் கணக்குல எழுதாதீங்க). யாஹ்யா கான் வந்தாரு, இவர் இருந்தாரு. 1971 டிசம்பர்ல நாடு ரெண்டா உடைஞ்சு பூட்டோ வந்தப்போ ஸ்டேட் பேங்க் கவர்னர் ஆக்கினாரு, 1975-ல டிஃபென்ஸுக்கு செக்ரட்டரி ஜெனரலா மாத்தினதும் அதே பூட்டோ ஆட்சிதான். ஜியா 1976-ல ராணுவத் தளபதி ஆகும்போது இவர் அங்கதான் இருந்தார். 1977-ல பூட்டோவை ஜியா கவுத்ததும் பொருளாதாரம் முழுக்க இவர் கைக்கு வந்துடுச்சு, 1985 வரைக்கும் விடல. யார் வந்தாலும் இந்த ஆள் தேவைப்பட்டார்ங்கிறதுதான் விஷயம். டிஃபென்ஸ்ல இருந்ததால ராணுவக்காரர்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, யூனிஃபார்மே போடாதவர்.

1988 ஆகஸ்ட் 17. பஹாவல்பூர் பக்கத்துல ஜியாவோட சி-130 விழுந்துச்சு. வேற விமானத்துல இருந்த துணைத் தளபதி அஸ்லம் பேக் நேரா ராவல்பிண்டி திரும்பிட்டார். நினைச்சிருந்தா அன்னைக்கே ஆட்சியைப் பிடிச்சிருக்கலாம், பிடிக்கல, அரசியல் சட்டப்படி செனட் தலைவர் யாரோ அவர்தான் தற்காலிக அதிபர், அது இவர். டிவில வந்து மரணச் செய்தியைச் சொல்லி, நவம்பர் 16 தேர்தல் சொன்னபடி நடக்கும்னார். ராணுவம் "நியமிச்சது"ன்னு எழுதாதீங்க. ராணுவம் ஒத்துக்காம நடக்காதுங்கிறது உண்மை, ஆனா ரெண்டும் வேற வேற. அதிபரா தேர்ந்தெடுக்கப்பட்டது டிசம்பர்லதான்.

அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைச்சு பிரதமரை அனுப்ப வழி குடுத்த 58(2)(பி) விதியை இவர் கண்டுபிடிச்ச மாதிரி பேசுறதும் உண்டு. அது ஜியா 1985-ல எட்டாவது திருத்தத்துல போட்டது, முதல்ல பயன்படுத்தினதும் அவரேதான், 1988 மே மாசம் பிரதமர் ஜுனேஜோ மேல. இவர் 1990 ஆகஸ்ட்ல பெனசிரை, 1993 ஏப்ரல் 18-ல நவாஸ் ஷெரீஃபை அதே விதில அனுப்பினார். ரெண்டாவது தடவை சரியா மாட்டிக்கிட்டார், மே 26-ல சுப்ரீம் கோர்ட் பத்துக்கு ஒண்ணுன்னு ஆர்டரை ரத்து பண்ணி நவாஸை திரும்ப உக்கார வெச்சுடுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் முகம் குடுக்காம அரசாங்கமே ஸ்தம்பிச்சுப் போச்சு.

கடைசியா, "ராணுவம் டிஸ்மிஸ் பண்ணுச்சு"ன்னும் எழுதிடாதீங்க. தளபதி வஹீத் கக்கர் பஞ்சாயத்து பண்ணி ரெண்டு பேரையும் ஒரே நாள்ல, 1993 ஜூலை 18-ல, ராஜினாமா பண்ண வெச்சார். செனட் தலைவர் வசீம் சஜ்ஜாத் தற்காலிக அதிபர் ஆனார், அஞ்சு வருஷம் முன்னாடி இவர் வந்த அதே வழியில.