ஜப்பானில் அக்கம்பக்கத்தோடு பழகுவது எப்படி? செட்டிநாட்டிலிருந்து குடிபோகிறவர்களுக்குப் படிப்படியாக

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் (வியாபாரம் செய்யப்) போனவர்களுக்கு அந்த ஊர் மொழி தொழிலோடு சேர்ந்தே வந்தது. கடைக்கு வருகிறவரிடம் பேசியாக வேண்டும், வேறு வழியில்லை. இன்று காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆபீசில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும். வீட்டில் இருப்பவருக்குத்தான் இதில் கஷ்டம் அதிகம். அக்கம்பக்கத்தோடு பழகுவது முதல் வாரத்திலிருந்தே செய்ய வேண்டிய வேலை.

படி 1: ஊரிலேயே செய்துகொள்ள வேண்டியவை

பெயரைச் சுருக்குங்கள். ஜப்பானிய மொழியில் ல, ர இரண்டுக்கும் ஒரே ஒலிதான். ழ, ள கிடையாது. வள்ளியம்மை ‘வள்ளி’ ஆகட்டும், மெய்யப்பன் ‘மெய்’ ஆகட்டும். அந்தப் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் கத்தகானா எழுத்தில் ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசுக்குக் கண்டாங்கித் துணி நன்றாகப் பொருந்தும். அங்கே தெனுகுயி என்று ஒரு பருத்தித் துண்டு உண்டு, சுமார் 35க்கு 90 சென்டிமீட்டர். குடிவந்தவர்கள் துண்டு கொடுப்பது அங்கே பழைய வழக்கம். அதே அளவில் ஆறு துண்டுகள் வெட்டி, ஓரம் அடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிக் காயவையுங்கள். சாயம் போகும் துண்டு அவர்கள் துணியையும் கெடுத்துவிடும். கைக்குட்டை அளவில் மட்டும் வெட்டாதீர்கள். கைக்குட்டை கொடுத்தால் பிரிவு என்று நினைப்பவர்கள் உண்டு.

அரிசி, கறிவேப்பிலை, மாங்காய், இறைச்சி வகை எதையும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். விமான நிலையத்தில் பிடித்துவைப்பார்கள். பனை ஓலைக் கொட்டான் எடுத்துப் போனால் தாவரப் பரிசோதனை மேசையில் நீங்களாகவே காட்டிவிடுங்கள்.

படி 2: முதல் வாரத்தில் வாசல் வணக்கம்

அடுக்குமாடி என்றால் இரண்டு பக்கத்து வீடு, நேர் மேல் வீடு, நேர் கீழ் வீடு. கீழ் வீட்டை விடவே கூடாது. உங்கள் பிள்ளைகள் ஓடும் சத்தம் அவர்கள் தலைமேல்தான் விழும். சனி, ஞாயிறு காலை 10 மணிக்கு மேல், அல்லது மதியம் 2 முதல் 5 வரை போங்கள். சாப்பாட்டு நேரத்தில் மணி அடிக்க வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “ஹஜிமெமஷ்தே. தொனாரி னி ஹிக்கோஷிதே கிமாஷ்தா, வள்ளி தெஸ். யொரோஷ்கு ஒனெகாய் ஷிமாஸ்.” வணக்கம், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம், பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். தலை குனிந்து, துண்டை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம், உள்ளே கூப்பிடுவார்கள் என்று நிற்கவும் வேண்டாம். இரண்டு மூன்று தடவை போயும் கதவு திறக்காவிட்டால் பெயர் அட்டையோடு துண்டைத் தபால் பெட்டியில் போட்டால் போதும்.

பரிசு 500 முதல் 1000 யென் மதிப்புக்குள் இருக்க வேண்டும். நம் ஆட்கள் தவறுவது இங்கேதான். கை நிறையக் கொடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. அங்கேயோ வாங்கியதற்குப் பாதி மதிப்பிலாவது திருப்பிச் செய்வது முறை. மொய் ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்யும் நமக்கு இது புரியாததல்ல. பெரிய பரிசு அவர்கள் தலையில் கடனாக ஏறும். அதன்பின் உங்களைக் கண்டால் ஒதுங்குவார்கள்.

வீட்டில் சுட்ட பலகாரமும் முதல் நாள் வேண்டாம். முன்பின் தெரியாதவர் கைப்பட்ட பண்டத்தை வாங்கத் தயங்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

வயதான அம்மாவைப் பார்த்தால் நமக்கு ‘ஆச்சி’ என்றுதான் வாயில் வரும். அங்கே அதற்கு நிகரான சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால், ‘என்னைக் கிழவி என்கிறாள்’ என்று பட்டுவிடலாம். வாசல் பலகையில் உள்ள குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுங்கள்.

படி 3: குப்பை

நட்பு தொடங்குவதும் கெடுவதும் குப்பை போடும் இடத்தில்தான். நகராட்சி தரும் நாட்காட்டியில் எரியும் குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், டப்பா ஒவ்வொன்றுக்கும் கிழமை இருக்கும். பெரும்பாலும் காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின இரவே வைக்கக் கூடாது. பிரிக்காமல் போட்ட பை, ஒட்டுத்தாளோடு அங்கேயே கிடக்கும். அது யார் வீட்டுப் பை என்று தெருவுக்கே தெரியும்.

இதையே பேச்சுக்கு வழியாக்கிக்கொள்ளலாம். காக்கை கிளறாமல் வலையை மூடிவிடும் பெரியவர் ஒருவர் எங்கும் இருப்பார். கையில் உள்ள பொருளைக் காட்டி, “சுமிமாசென், கொரே வா நான்யோபி தெஸ் கா?” என்று கேளுங்கள். இது எந்தக் கிழமை என்ற கேள்வி. ஊர் ஒழுங்கைக் கற்றுக்கொள்ள வந்த ஆளிடம் அவருக்குத் தானாகவே பிரியம் வந்துவிடும். மறுநாள் முதல் “ஒஹாயோ கொஸாய்மாஸ்” சொல்லுங்கள். வெயிலானால் “அட்சுயி தெஸ் நே”, குளிரானால் “சமுயி தெஸ் நே”. இந்த இரண்டை வைத்தே முதல் சில மாதங்களை ஓட்டிவிடலாம்.

படி 4: சத்தமும் வாடையும்

இரவு 9 மணிக்கு மேல் மிக்ஸி, கிரைண்டர், சலவை இயந்திரம் வேண்டாம். மிளகாய் வற்றல் தாளிக்கும்போது பால்கனிப் பக்கக் கதவைச் சாத்துங்கள். வெயில் நாளில் காலையில் பக்கத்து பால்கனியில் துணியும் மெத்தையும் காயும். தாளிப்பு வாடை அதில் ஏறினால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

படி 5: போனில் மொழிபெயர்ப்பு

பேச்சுத் தமிழைக் கொடுத்தால் தப்பாக வரும். “நாளைக்கு வீட்ல விசேஷம், கொஞ்சம் சத்தமா இருக்கும், தப்பா நெனச்சுக்காதீங்க” என்பதை இப்படி உடையுங்கள்: “நாளை சனிக்கிழமை. மாலை 4 மணி முதல் 7 மணி வரை எங்கள் வீட்டுக்கு ஆறு விருந்தினர்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வரலாம். மன்னிக்கவும்.” யார் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதுங்கள். வந்த ஜப்பானியத்தை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பார்த்து, பொருள் மாறியிருந்தால் வாக்கியத்தை இன்னும் சுருக்குங்கள்.

படி 6: இப்போது பலகாரம்

வணக்கம் சொல்லிச் சொல்லி முகம் பழகிய பிறகு, பொங்கலையோ தீபாவளியையோ சாக்காக வையுங்கள். உறைப்பில்லாத தேன்குழல், சீப்புச் சீடை நல்லது. வீட்டுக்கு எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். எள், வேர்க்கடலை, பால், கோதுமை எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று ஜப்பானியத்தில் சீட்டு எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.

அவர்கள் மனதுக்கு இன்னும் நெருக்கமானது நம் கறுப்பு ஒட்டரிசியான கவுணி அரிசி. விசேஷத்துக்குச் சிவப்புப் பயறு சேர்த்த ஒட்டரிசிச் சோறு ஆக்குவது அவர்கள் வழக்கம்; அதற்கு செகிஹான் என்று பெயர். அரிசியை அங்கேயே குரோமாய் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கப் அரிசியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, மூன்று கப் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். நம் வீட்டில் முக்கால் கப் சர்க்கரை போடுவோம். அவர்களுக்கு கால் கப் போதும். அரை கப் தேங்காய்ப்பூ, ஒரு ஸ்பூன் நெய். சின்னக் கிண்ணத்தில் மூன்று நான்கு கரண்டி வைத்துக் கொடுங்கள்.

சில நாளில் பதிலுக்கு ஏதாவது வரும். அதற்கு உடனே நீங்கள் மறுபடி செய்யாதீர்கள், அது முடியாமல் நீளும். அடுத்த முறை பார்க்கும்போது “கொனோ அய்தா வா அரிகாத்தோ கொஸாய்மாஷ்தா” என்று, போன தடவைக்கு நன்றி சொல்லுங்கள். வாங்கும்போது சொன்ன நன்றி போதாது, மறுபடி பார்க்கும்போதும் சொல்ல வேண்டும். நம்மிடம் இந்தப் பழக்கம் இல்லாததால் விட்டுவிடுவோம். அவர்களுக்கு அது பெரிய குறை.

படி 7: தெருச் சங்கம்

பல ஊர்களில் ச்சோனாய்காய் என்ற தெருச் சங்கம் உண்டு. அவர்களின் சுற்றறிக்கைப் பலகை உங்கள் வாசலுக்கு வந்தால், போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, கையெழுத்திட்டு ஓரிரு நாளில் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். 1923 நிலநடுக்கத்தின் நினைவாகச் செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாள். அதையொட்டி நடக்கும் ஒத்திகைக்குக் குடும்பத்தோடு போய், நீங்கள் எந்த வீடு, வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவையுங்கள்.