கன்று நடும் முன் பட்டாவைப் பாருங்கள்

போன மாதம் களியக்காவிளைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் இளைஞர்கள் சிலர் கூப்பிட்டார்கள். “சாரே, ஞாயிற்றுக்கிழமை பூங்காவுல கன்னு நடுறோம், வந்துரணும்.” பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். “வரைபடத்துலயே பூங்கான்னு போட்டிருக்கே சாரே” என்றான் ஒரு பையன். பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே பதில். அதனால்தான், மனைப்பிரிவுப் பூங்கா விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

வரைபடத்தின் பச்சை நிறத்தை நம்புவது

2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

எங்கள் மனைப்பிரிவில் தானப் பத்திரம் இருந்தது. நகலைக் கையில் வைத்திருந்தேன், ஆனால் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் படிக்கவில்லை. பழைய சர்வே எண் மட்டும் இருந்தது, நான்கெல்லை இல்லை. பூங்கா நிலத்தை அளந்து தனி எண் கொடுத்து உட்பிரிவு செய்யவில்லை, பட்டாவும் மாறவில்லை. அது தெரியாமல் வேலி போட்டோம், வேம்பும் புங்கையும் நட்டோம், கோடையில் வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம்.

மனை விற்றவர் இறந்தபின் வாரிசுகள் தங்கள் பேருக்குப் பட்டா மாற்றி, ஓரத்தில் மூன்று சென்ட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பத்திரத்தோடு வந்து நின்றார். தானம் கொடுத்தது எந்தப் பகுதி என்று காட்ட எங்களிடம் ஒரு கோடுகூட இல்லை. ஆறு வருடம் வழக்கு நடந்தது. கடைசியில் அந்த மூன்று சென்ட் போயிற்று. பிள்ளைகளின் வாலிபால் மைதானம் இருந்த மூலை அது. இன்றும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போது நெஞ்சு எரிகிறது.

ஆகவே வில்லங்கச் சான்று, புல வரைபடம் (சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்), பட்டா மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உட்பிரிவு இல்லையென்றால் உள்ளாட்சி வழியாக மனு கொடுங்கள். சர்வேயர் வந்து அளந்து கல் நடும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம்; படிக்கத் தெரிந்த பெரியவரிடம் கொடுத்து எல்லைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

வாயால் முறையிடுவது

எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

கிராம சபைக்குப் போகாதது

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிடைக்கிறது. பூங்காவை ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றத் தீர்மானம் கேளுங்கள். கை தூக்கினால் போதாது, தீர்மான நகல் கையில் வர வேண்டும்.

‘நமக்கு என்ன உரிமை’ என்று ஒதுங்குவது

பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான்.

நடுவில் மரம் வைப்பது

ஓரத்தில் வையுங்கள். நடுவே பிள்ளைகள் ஓடட்டும்.

களியக்காவிளைப் பையன்கள் கன்று நடுவதைத் தள்ளி வைத்துவிட்டு, புல வரைபட நகல் வாங்கினார்கள். அங்கும் உட்பிரிவு இல்லை. மனு கொடுத்தாயிற்று. கன்றுகள் ஒரு வீட்டு மாடியில் ஓலை நிழலில் நிற்கின்றன. ஐப்பசி மழைக்குள் கல் நட்டுவிட்டால், அந்த ஈரத்திலேயே நட்டுவிடலாம்.